பூட்டியிருந்த சைக்கிள்

பழைய சாமான் வாங்கி விற்கிற கடைகளுக்கும் அடகு பிடிக்கிற கடைகளுக்கும் புதுக் கட்டுப்பாடு என்று மதில்களில் அறிவித்தல் ஒட்டிய நாளில், நல்லூரில் என்னைவிடச் சந்தோசப்பட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். தொண்ணூற்றிரண்டாக இருக்க வேண்டும். தொண்ணூற்றுமூன்று என்று யாராவது சொன்னால் சண்டைபிடிக்க மாட்டேன். பெற்றோல் இல்லாத காலம். நெல்மூட்டை, விறகு, பிரசவ வலியில் துடிக்கிறவள், சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில்தான் போயின. அதனால் கள்ளர்களும் நகைநட்டை விட்டுச் சைக்கிளுக்கு மாறியிருந்தார்கள். காலையில் காணாமல் போகிற சைக்கிள், பின்னேரம் ஏதோ ஒரு கடையில் வேறு மட்காட்டோடும் வேறு நிறத்தோடும் நிற்கும்.

புதுச் சட்டம் இதுதான். சாமானைக் கொண்டுவருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் விலாசத்தையும் கடைக்காரர் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு பதினான்கு நாள் அந்தச் சாமானைக் கடை வாசலில் எல்லோருக்கும் தெரிய வைத்து, பலகையில் விபரம் எழுதித் தூக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால் விசாரணை. ஒருவரும் வராவிட்டால், சாமான் அவருடையதுதான் என்று, கொண்டுவந்தவரின் பெயருக்கு விசாரணைக் கந்தோரில் முத்திரை குத்தித் துண்டு கொடுப்பார்கள். அந்தத் துண்டு இருந்தால்தான் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கலாம்.

நான் அப்போது புத்தூரில் ஒரு மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். போத்தல்கள் எல்லாம் ஒழுங்காக, பெயர் வெளியே தெரிய நிற்க வேண்டும் எனக்கு. ஒரு போத்தல் திரும்பி நின்றாலே கோபம் வரும். அப்படிப்பட்டவளுக்கு இந்தச் சட்டம் பாயாசம். ஒரு கிழமையாக வீட்டிலும் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும் இதே பிரசங்கம்தான்.

“வாங்க ஆளிருக்கிறபடியால்தானே களவெடுக்கினம்? வாங்கிறவனைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டால் கள்ளன் தன்ரை பாட்டிலை அடங்குவான்.”

அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களுடைய பார்சலை அசைத்துப் பார்த்த பாவம்கூட அறியாதவர் என்பதுதான் ஊரில் அவருடைய பெயர். என் பிரசங்கம் முடிந்ததும், “நல்ல சட்டம்தான்” என்று சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அந்தப் போக்கு எனக்கு அப்போது ஒன்றையும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே என்னுடைய சைக்கிள் காணாமல் போனது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று கேட்டு ஓடிய அவசரத்தில் பூட்டவில்லை. எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள் நான் பூட்டவில்லை. அரைமணி நேரத்தில் திரும்பி வந்து பார்த்தால் மதில் மட்டும் நின்றது.

அது பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். எண்பத்தேழில் இந்திய இராணுவத்தோடு நடந்த சண்டை ஓய்ந்து, தஞ்சம் புகுந்திருந்த கோயிலில் இருந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அப்பா அதை உருட்டிக்கொண்டு வந்தார். புத்தூரில் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் மலிவாக வாங்கியதாகச் சொன்னார். கொஞ்ச நாளில் எனக்கு வேலை கிடைத்தது. பாவாடையைச் செருகிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு நான் ஏறுகிற வடிவைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்த ரோட்டில் இல்லை. சிரித்தவர்கள் சிரிக்கட்டும். ஐந்து வருடம் அந்தச் சைக்கிள்தான் என்னைச் சம்பளக்காரியாக வைத்திருந்தது. அது போனபின் யாருடையாவது கரியரில் தொற்றிக்கொண்டும் நடந்தும் புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது, நோயாளிகள் வேப்பமரத்தடியில் குந்தியிருந்து என்னைத் திட்டினார்கள். இப்படி எத்தனை நாளைக்குப் போக முடியும்? வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னபோது, “போனால் போகட்டும், விடு பிள்ளை” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன விடுறது? சட்டம் எதுக்கு இருக்கு?”

வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கடையாகப் பலகை வாசித்தேன். ஒன்பதாம் நாள், கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கையில் இருந்த ஒரு கடை வாசலில் அது நின்றது. சீற் கிழிந்த இடத்தில் நான் நைலோன் நூலால் போட்ட தையல் அப்படியே இருந்தது. மணியின் மூடியில் நெளிவு இருந்தது. நிறம்கூட மாற்றவில்லை. கள்ளனுக்கு இவ்வளவு சோம்பலா என்று எனக்கு ஆச்சரியம்.

“உது என்ரை சைக்கிள்” என்று ஹாண்டிலைப் பிடித்தேன்.

கடைக்காரர் அவசரப்படாத மனிதர். கையில் இருந்த கிறீசைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அப்பிடியே தங்கச்சி? பிரேம் நம்பர் என்ன?”

எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் ஓடிய சைக்கிளின் நம்பரை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

“வாங்கின துண்டு?”

அதுவும் இல்லை. அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சைக்கிளைக் கொண்டுவந்தது கொழும்புத்துறையைச் சேர்ந்த ஒரு பெண். அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் முறைப்படி இருந்தன. “அந்தப் பிள்ளையும் தன்ரை சைக்கிள் எண்டுதான் சொன்னது” என்றார். “இனி நீங்கள் ரெண்டு பேரும் கந்தோரிலை போய்க் கதையுங்கோ. சட்டம் அப்பிடி.”

நான் போற்றிப் பாடிய சட்டம் என்னையே பார்த்து நம்பர் கேட்டது. பொல்லைக் கொடுத்து அடி வாங்கினேன் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் என்னிடம் ஒரு துருப்பு இருந்தது. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் வைத்திருந்த அனேகமானோர் ஒரு காரியம் செய்வார்கள். பெயரையும் விலாசத்தையும் ஒரு கடதாசியில் எழுதிச் சுருட்டி, பொலித்தீனில் சுற்றி, சீற்றைக் கழற்றி அதன் கீழே இருக்கும் குழாய்க்குள் போட்டுவிடுவார்கள். நிறம் மாறினாலும் மட்காட் மாறினாலும் குழாய்க்குள் இருக்கிற கடதாசி பேசும். ஊருக்கெல்லாம் தெரிந்த இரகசியம் அது. சைக்கிள் வந்த கிழமையே அப்பா முற்றத்தில் இருந்து கடதாசி வைத்ததை நான் கண்ணால் கண்டவள்.

“அப்பா, கடதாசி இருக்குத்தானே உள்ளுக்கை?”

“இருக்கு” என்றார். பிறகு, “அதைக் கிண்டாதை பிள்ளை” என்றார். வயது போனால் மனிதருக்குப் பயம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஊரை நடத்திய இயக்கத்தின் விசாரணைக் கந்தோர், ஒரு பெரிய வீட்டின் முன்னறை. விசாரித்தவர் இருபத்தைந்து வயதுகூட இராத பெடியன், ஆனால் மரியாதையானவர். கொழும்புத்துறை அக்கா எனக்கு முன்னரே வந்து மர வாங்கில் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட. கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிலுவை. கள்ளி என்று ஒருத்தியை நான் மனதில் வரைந்து வைத்திருந்தேன். அதற்கும் இந்த முகத்துக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. அவர் என்னைப் பார்க்காமல், கடைக்காரர் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சீற்றைக் கழட்டுங்கோ. எங்கடை அப்பாவின்ரை கடதாசி இருக்கும்” என்றேன், வழக்கில் வென்றவளைப் போல.

“ஓம், கழட்டுங்கோ. கடதாசி இருக்கும்” என்றார் அந்த அக்காவும்.

கடைக்காரர் திருகுசாவியைப் போட்டுச் சீற்றை இழுத்தார். ஹாண்டிலைப் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கிறீஸ் பிடித்த பொலித்தீன் சுருள் ஒன்று விழுந்தது. விசாரணைக்காரர் பிரித்தார். அப்பாவின் தபால் கந்தோர்க் கையெழுத்து. எங்கள் வீட்டு விலாசம். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆனால் அவர் பிரித்து முடிக்கவில்லை. அப்பாவின் கடதாசிக்கு உள்ளே, அதே சுருளுக்குள், மஞ்சளாகிப்போன இன்னொரு கடதாசி இருந்தது. அதில் ஓர் ஆணின் பெயரும் கொழும்புத்துறை விலாசமும் இருந்தன.

“என்ரை மனிசன்ரை கையெழுத்து” என்றார் அந்த அக்கா. அதன்பிறகுதான் அழுதார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அவருடைய கணவர் எண்பத்தேழு சண்டை நாட்களில் ஒரு காலை இந்தச் சைக்கிளில் வெளியே போனவர். திரும்பி வரவில்லை. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு நல்லூர்ச் சங்கக்கடை மதிலில் அது சாத்தி நிற்கக் கண்டிருக்கிறார். மணியின் நெளிவு தன்னுடைய கையால் வந்ததாம். பூட்டு இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“எடுத்தனீங்கள் சரி. ஏன் அக்கா விக்கக் குடுத்தனீங்கள்?” என்று விசாரணைக்காரர் கேட்டார்.

“நான் விக்கக் குடுக்கேல்லைத் தம்பி. துண்டு எடுக்கத்தான் குடுத்தனான். பதினாலு நாள் வாசல்லை நிண்டால் என்ரை பேருக்குத் துண்டு தருவீங்களாமே? எங்கடை கடதாசியள் எல்லாம் சண்டைக்கு ஓடுப்பட்டதிலை துலைஞ்சு போட்டுது. சைக்கிளைத் திருப்பி எடுத்தாலும் என்னட்டை ஒரு துண்டும் இல்லை. ஆரும் வந்து கேட்டால் வரட்டும், அவையிட்டைக் கேக்க எனக்கும் ஒரு கேள்வி இருக்கு எண்டு நினைச்சன்.”

களவுச் சாமானைப் பிடிக்க வைத்த சட்டத்துக்குள் தன் சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். விசாரணைக்காரர் பேனையால் தலையைச் சொறிந்தார். களவெடுத்த சாமானை உரியவர் திருப்பிக் களவெடுத்தால் அது களவா? அப்படி ஒரு வரி அவருடைய சட்டத்தில் இல்லை. எனக்கோ வேறு கேள்வி. அந்தக் கடதாசியை அப்பா கண்டிருக்கிறார். கண்டபிறகும் தன்னுடைய கடதாசியை அதன்மேல் சுற்றி வைத்திருக்கிறார். மறைக்க நினைத்தவர் ஏன் அதை எறியவில்லை? கொடுக்க நினைத்தவர் ஏன் கொடுக்கவில்லை?

“நாளைக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா” என்று விசாரணைக்காரர் என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. அவர் ஒன்றே ஒன்று சொன்னார். “விலாசம் எழுதின கடதாசி, பிள்ளை. எப்பிடி எறியிறது?”

அடுத்த நாள் அப்பா வெள்ளை வேட்டியும் நசனல் சட்டையும் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். சாவீட்டுக்குப் போகும்போதுதான் நசனல் போடுவார். வாங்கில் நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னார். புத்தூர்த் தோட்டக்காரர் என்று ஒருவர் இல்லை. சண்டை ஓய்ந்த நாட்களில் சிநேகிதர் ஒருவரைத் தேடிக் கொழும்புத்துறைக்கு நடந்து போயிருக்கிறார். கடலோரம் ஒரு கிடுகு வேலியோடு சைக்கிள் நின்றது. நாலு நாள் கழித்துப் போனபோதும் அதே இடத்தில் நின்றது. கொண்டுவந்துவிட்டார். பிறகு கடதாசி வைக்கச் சீற்றைக் கழற்றும்போது பழைய கடதாசியைக் கண்டார்.

“அந்த விலாசத்துக்கு ரெண்டு தரம் போனனான். வீட்டிலை ஒருத்தரும் இல்லை. மூண்டாந்தரம் போகேல்லை.”

“ஏன் ஐயா போகேல்லை?” என்று விசாரணைக்காரர் கேட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பாமல் சொன்னார். “பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது.”

எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன். ஐந்து வருடம் நான் மிதித்த ஒவ்வொரு மிதியும் என் முன்னால் வந்து நின்றது. வாங்குகிறவனை உள்ளே போடு என்று நான் பிரசங்கம் வைத்தபோது அவர் கிணற்றடிக்குப் போனது இதற்குத்தானா?

விசாரணைக்காரர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே விளக்கினார். தெருவில் நின்றதை எடுத்துவந்தால் ‘கண்டெடுத்தது’ என்று பதிவார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். பூட்டை உடைத்து எடுத்திருந்தால் அது களவு. பெயரையும் விலாசத்தையும் பழைய சாமான் கடைப் பலகைகளில் பதினான்கு நாள் எழுதிப் போடுவார்கள். “ஐயா கண்டெடுத்ததுதானே” என்று சொல்லி, அப்படியே எழுதியும் விட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அப்போது அந்த அக்கா எழும்பி வந்து அப்பாவின் முன்னால் நின்றார். “ஐயா, ஒண்டு கேக்கட்டோ? சைக்கிள் விழுந்து கிடந்ததோ, நிண்டதோ?”

“நிண்டது பிள்ளை. வேலியோடை சாத்தி நிண்டது.”

“பூட்டியிருந்ததோ?”

அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். “அவர் சங்கிலி போட்டுப் பூட்டுறவர். அந்தக் கரையிலையிருந்துதான் அப்ப ஆக்கள் வள்ளத்திலை அக்கரைக்குப் போனவை. பூட்டிப்போட்டுப் போனவர் எண்டால், அவர் வள்ளம் ஏறியிருப்பார். பூட்டாமல் நிண்டதெண்டால்…” மிச்சம் எனக்கு விளங்கியது. பூட்டாமல் நின்றால், அவரை யாரோ இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அல்லது அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

அப்பா நிலத்தைப் பார்த்தார். விசாரணைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். வெளியே யாரோ மணி அடித்துக்கொண்டு போனது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

“ஓம் பிள்ளை” என்றார் அப்பா. “சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. நான்தான் கல்லாலை குத்தி உடைச்சனான்.”

“ஐயா, யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார் விசாரணைக்காரர். “முதல் நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை.”

“வெக்கத்திலை சொல்லேல்லை. உடைச்சதுதான். எழுதுங்கோ தம்பி.”

‘கண்டெடுத்தது’ வெட்டப்பட்டது. அந்த இடத்தில் ‘களவு’ என்று எழுதப்பட்டது. அப்பா கையெழுத்து வைத்தார். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, “பூட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறார், பூட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சைக்கிளை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவர் ஆசைப்பட்ட துண்டும் கிடைத்தது. நாங்கள் நடந்து வந்தோம். கோயில் வீதியில் அப்பாவை மறித்துக் கேட்டேன். “உண்மையைச் சொல்லுங்கோ. பூட்டியிருந்ததோ?”

“புத்தகத்திலை எழுதியாச்சு” என்றார்.

“நான் புத்தகத்தைக் கேக்கேல்லை.”

“அதுக்குமேலை கேக்காதை.”

தேங்காய் உடைக்கவே அயல்வீட்டுப் பெடியனைக் கூப்பிடுகிற மனிதர். அவர் கல்லை எடுத்துச் சங்கிலியைக் குத்தினார் என்றால் எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் மற்றவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து புத்தூர்த் தோட்டக்காரர் என்று ஒருவரை அவர் படைத்தார் என்பதையும் முதல் நாள் வரை நம்பியிருக்க மாட்டேன். ஒன்றில் என் அப்பா கள்ளன். அன்றைக்கு உண்மை பேசினார். இல்லாவிட்டால் அவர் அந்தளவு கள்ளன் இல்லை. அன்றைக்குப் பொய் பேசினார். இரண்டில் எது நல்லது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மருந்துப் போத்தல்களை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தவளுக்கு, இந்த ஒன்றை எந்தத் தட்டில் வைப்பது என்று இன்றைக்கும் தெரியாது.

பதினான்கு நாள் பலகையில் அப்பாவின் பெயர் தொங்கியது. முப்பது வருடச் சேவை செய்தவர் என்று அதில் இல்லை. வாசித்தவர்கள் எங்களைக் கண்டதும் மற்றப் பக்கம் பார்த்தார்கள். சிலர் வலிய வந்து சுகம் விசாரித்தார்கள். வலிய வந்தவர்களைத்தான் எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. நான் அந்தக் கடைக்காரரிடமே, முத்திரை குத்திய துண்டோடு, வேறொரு சைக்கிள் எடுத்தேன். அப்பா அதற்குக் கடதாசி எழுதித் தரவா என்று கேட்டார். நானே எழுதினேன்.

பலகையில் பெயரை அழித்த அடுத்த நாள் அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பனையோலைப் பையில் மீன் கொண்டுவந்திருந்தார். நாங்கள் மச்சம் சாப்பிடாத ஆட்கள் என்று சொல்ல அப்பா என்னை விடவில்லை; இரண்டு கையாலும் வாங்கினார். மூன்று பேரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். அக்கரைக்குப் போய் அங்கிருந்து கடல் கடந்தவர்களில் சிலர் இந்தியாவில் முகாம்களில் இருக்கிறார்களாம், யாரிடமோ கடிதம் கொடுத்து விட்டிருக்கிறேன் என்றார் அக்கா. அப்பா விலாசம் எப்படி எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எவ்வளவு சுலபமானது! அவருடைய கணவரின் சங்கிலி எப்படிப்பட்டது என்று அக்காவுக்குத் தெரியும். அப்பாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் வெளித்துவிடும்.

“அப்பா” என்றேன், “அந்தச் சங்கிலி என்ன மாதிரி…”

அக்கா என் கையைப் பிடித்தார். அப்படி ஒரு பிடி. தேத்தண்ணி என் மடியில் சிந்தியது.

“வேண்டாம் தங்கச்சி” என்றார். “உதைக் கேக்காதை.”

அப்பா எழும்பிப் போய்ப் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா முற்றத்துக்கு இறங்கினார். நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்த வளவுக்குள்ளும் சைக்கிளைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார். குனிந்து, புதுச் சங்கிலியைத் திறந்து, ஹாண்டிலில் சுற்றிக்கொண்டு, கொழும்புத்துறைப் பக்கம் போனார்.